ஊர்க் கழகத்தின் அபிமானி

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் நிகழ்த்திய உரை)



இம்மேடையில் வழக்கமாகப் பேசுவோர் கற்றுத் துறைபோகியவர்கள். நானோ இன்னும் இறுதிப் பரீட்சை எழுதி முடியாத மாணவன். சங்கச் செயலாளர் என்னைக் கண்டு, "தம்பி, உமக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் ஒன்றைப் பற்றிப் பேசும்" என்றார். எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயங்களை விரல்விட்டு எண்ணத் தொடங்கினேன். முதல் விரலோடு எண்ணிக்கை முடிந்துவிட்டது. அந்த ஒரு விஷயம் உதைபந்தாட்டம்.

மிஷன் பாடசாலையிற் படித்த பொடியன், வெள்ளைக்காரனுடைய பந்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான் என்று பெரியோர்களில் எவராவது எண்ணினால், அந்தக் குற்றச்சாட்டை நான் மறுக்கவில்லை. ஆனால் நாவாந்துறையிலும் குருநகரிலும் இளவாலையிலும் போய், இது அந்நியருடைய விளையாட்டு என்று சொல்லிவிட்டு முழுசாகத் திரும்பி வருவது கடினம் என்பதையும் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

நான் இன்று எடுத்துக்கொண்ட வினா இதுதான். ஒரு மனிதன் தன் ஊரின் கழகத்துக்கு ஆயுள் முழுவதும் அபிமானியாக இருப்பது எவ்வாறு நேர்கிறது? அவன் தொழிலை மாற்றுகிறான். வீட்டை மாற்றுகிறான். கட்சியை மாற்றுகிறான்; இதனை நான் விளக்க வேண்டியதில்லை. கழகத்தை மட்டும் மாற்றுவதில்லை. அக்கழகம் வென்றால் அவனுக்கு ஒரு சதமும் வருவதில்லை. தோற்றாலோ அன்றிரவு அவன் வீட்டிற் சோறு இறங்குவதில்லை. இதனை மூடத்தனம் என்று தள்ளிவிடலாம். நானும் சில காலம் அவ்வாறே தள்ளியிருந்தேன்.

அப்படித் தள்ளியிருந்த என்னைத் திருத்தியது ஒரு கழகத்தின் கதை. விம்பிள்டன் என்றவுடன் உங்களுக்கு ரெனிஸ் ஞாபகம் வரும். நம்மவர்களுக்கு அவ்வூரை அறிய வேறு காரணமும் உண்டு. 1981 தொடக்கம் அங்கே ஒரு கணபதி கோயில் இருக்கிறது. அயலூர்களான ரூட்டிங், மிச்சம் ஆகியவற்றில் நம் நாட்டுத் தமிழர் குடும்பங்கள் நெருங்கி வாழ்கின்றன. என்னுடைய பெரியப்பா 1989இல் இலண்டனுக்குப் போய் மிச்சத்திற் குடியேறியவர். அவர் வழியாகத்தான் இந்தக் கதை எங்கள் வீட்டுக்கு வந்தது.

விம்பிள்டனில் ஒரு பாடசாலையின் பழைய மாணவர்கள் 1889இல் உதைபந்தாட்டக் கழகமொன்றை அமைத்தார்கள். 1912இல் அக்கழகம் பிளவ் லேன் என்ற இடத்தில் மைதானம் கொண்டது. பிளவ் லேன் என்பதை யாழ்ப்பாணத்தவன் சொன்னால் கலப்பை ஒழுங்கை. பெயருக்கேற்ற எளிய இடம். நெடுங்காலம் அது சம்பளம் பெறாத ஆட்டக்காரரின் கழகமாகவே இருந்தது. 1963இல் அத்தகைய கழகங்களுக்குரிய அமெச்சூர் கிண்ணத்தை, சட்டன் யுனைட்டெட் கழகத்தை 4-2 என வென்று பெற்றது. அந்த நான்கு கோல்களையும் எடி ரெனோல்ட்ஸ் என்பவர் தலையாலேயே அடித்தார். பின்னர் 1977இல் தேசிய லீக்கிற் சேர்க்கப்பட்டு, ஒன்பதே வருடத்தில், 1986இல், நாட்டின் முதலாம் பிரிவுக்கு ஏறியது. 1988 மே 14ஆந் திகதி வெம்பிளி அரங்கில் எவ்.ஏ. கிண்ண இறுதியாட்டம். எதிரே நின்றது அக்காலத்தில் இங்கிலாந்தையே ஆண்டுகொண்டிருந்த லிவர்பூல். லோறி சான்செஸ் தலையால் அடித்த ஒரே கோலால் விம்பிள்டன் வென்றது. லிவர்பூலுக்குக் கிடைத்த தண்ட உதையைக் கோல் காப்பாளர் டேவ் பீசன்ற் தடுத்தார். வெம்பிளியில் நடந்த கிண்ண இறுதியாட்டங்களில் ஒரு தண்ட உதை தடுக்கப்பட்டது அதுவே முதற்றடவை.

இவ்வளவு புகழ் வாய்ந்த கழகத்துக்கு அபிமானிகள் சேர்வதில் என்ன புதுமை என்று நீங்கள் கேட்கலாம். வெற்றி வந்தால் கூட்டம் வரும். அது உண்மையே. அமெரிக்க உளவியலாளர் ரொபேட் சியால்டினியும் அவர் தோழர்களும் 1976இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பல்கலைக்கழகத்தின் அணி வென்ற பின்வரும் திங்கட்கிழமைகளில், மாணவர்கள் தம் பல்கலைக்கழகத்தின் பெயர் பொறித்த உடைகளை அதிகமாக அணிந்து வந்தார்கள். ஆட்டத்தைப் பற்றிக் கேட்டபோது, வென்றால் "நாங்கள் வென்றோம்" என்றும் தோற்றால் "அவர்கள் தோற்றார்கள்" என்றும் சொல்லும் போக்கு அவர்களிடம் காணப்பட்டது. இது அமெரிக்காவுக்கு மட்டும் உரிய வியாதியன்று. பரீட்சைப் பெறுபேறு வரும் நாளில் நம் வீடுகளிலும் காணலாம். சித்தியடைந்தால் அப்பாவுக்கு "என்ரை பிள்ளை". தவறினால் அம்மாவைப் பார்த்து "உன்ரை பிள்ளை".

இவ்வியாதி எனக்கும் இருந்தது. பதின்மூன்றாம் வயதில் மன்செஸ்ரர் யுனைட்டெட்டின் சிவப்புச் சட்டை வேண்டுமென்று அடம்பிடித்து வாங்கினேன். பதினாறாம் வயதில் மன்செஸ்ரர் சிற்றியின் நீலச் சட்டையை அதே கடையில் வாங்கினேன். இடையில் நடந்தது என்னவென்றால், சிவப்பு தோற்கத் தொடங்கிற்று, நீலம் வெல்லத் தொடங்கிற்று. இரண்டு முறையும் காசு கொடுத்த என் தகப்பனார், இரண்டாவது முறை கடைக்காரரைப் பார்த்து, "அடுத்த வருஷத்துக்கு எந்த நிறமெண்டு இப்பவே கேட்டு வையுங்கோ" என்றார். அப்பொழுது எனக்குக் கோபம் வந்தது.

ஆகவே வெற்றி ஆளைக் கொண்டுவரும். கொண்டுவந்த ஆளை வைத்திருக்குமா என்பதே வினா. விம்பிள்டனின் கதை இந்த இடத்திலிருந்துதான் உண்மையில் தொடங்குகிறது.

1989 ஏப்ரிலில் ஷெபீல்ட் நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நேர்ந்த கொடிய நெரிசலில் அகப்பட்டு மாண்டவர் தொகை 97. அதன்பின் நடந்த விசாரணையின் பயனாக, மேற்பிரிவுகளில் ஆடும் கழகங்களின் மைதானங்களில் எல்லாரும் அமர்ந்து பார்க்க ஆசனம் இருத்தல் வேண்டும் என்ற விதி வந்தது. நல்ல விதி. ஆனால் கலப்பை ஒழுங்கையின் பழைய மைதானம் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. 1991இல் கழகம் அதனை விட்டு, கிறிஸ்ரல் பலஸ் என்ற வேறொரு கழகத்தின் மைதானத்துக்கு ஒண்டுக்குடியாகப் போயிற்று. சில வருடத்திலே திரும்பிவிடலாம் என்று அபிமானிகள் நம்பினார்கள். பின்னர் நிலம் கைமாறியது. சொந்த வீட்டை விட்டுச் "சில வருடத்துக்கு" என்று புறப்பட்டவர்களின் கதை நம் சபையில் இருக்கும் பலருக்குப் புதிதன்று. அதனைப் பின்னர் சொல்கிறேன்.

2000ஆம் ஆண்டில் கழகம் மேற்பிரிவிலிருந்து இறங்கியது. 2001 ஓகஸ்டில் கழகத்தின் உரிமையாளர்கள், கழகத்தை மில்டன் கீன்ஸ் என்னும் நகருக்குக் கொண்டுபோகப் போவதாக அறிவித்தார்கள். மில்டன் கீன்ஸ் 1967இல் திட்டமிட்டு உருவாக்கப்பட்ட புதிய நகர். அங்கே லீக்கில் ஆடும் கழகம் இல்லை. விம்பிள்டனிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீற்றர். நமக்கு மாங்குளம் போகும் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அபிமானிகள் ஒரு வருட காலம் எதிர்த்து நின்றார்கள். 2002 மே 28ஆந் திகதி மூவர் கொண்ட விசாரணைக்குழு, இருவருக்கு ஒருவர் என்ற கணக்கில், போகலாம் என்று தீர்ப்பளித்தது.

சபையோரே, இந்தத் தீர்ப்பை ஒரு விஞ்ஞானப் பரிசோதனை போல நான் கருதுகிறேன். அபிமானி நேசிப்பது எதனை என்று அறிய வேண்டுமாயின், அவன் நேசிக்கும் பொருளைத் துண்டு துண்டாகப் பிரித்து வெவ்வேறிடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சாதாரணமாக அது முடியாத காரியம். விம்பிள்டனில் அது நடந்துவிட்டது. ஆட்டக்காரர்கள் ஒரு பக்கம் போனார்கள். லீக்கில் உள்ள இடமும் அவர்களோடு போயிற்று. சட்டப்படியான பதிவும் கிண்ணங்களும் போயின. ஊரில் எஞ்சியது என்ன? ஊரும், அதன் பெயரும், சனிக்கிழமை பின்னேரங்களில் வேறு போக்கிடம் அறியாத சில ஆயிரம் பேரும். வெற்றிக்காகவும் புகழுக்காகவும் மேற்பிரிவு ஆட்டத்துக்காகவும் வந்தவனாயின், அபிமானி கழகத்தின் பின்னே போயிருக்க வேண்டும். அல்லது நான் சட்டை மாற்றியது போல வேறொரு கழகத்தைத் தேடியிருக்க வேண்டும். இலண்டனில் கழகங்களுக்கா பஞ்சம்?

அவர்கள் செய்தது வேறு. தீர்ப்பு வந்து சில நாட்களுக்குள் ஊர்ச் சமூக நிலையத்திற் கூடிப் புதிய கழகமொன்றை அமைக்கத் தீர்மானித்தார்கள். மைதானமில்லை, பயிற்சியாளரில்லை, ஒரு ஆட்டக்காரன்கூட இல்லை. ஜூன் 29ஆந் திகதி விம்பிள்டனின் பொதுவெளியில், ஆட விரும்புவோர் யாரும் வரலாம் என்று அழைத்தார்கள். 230 பேர் வந்தார்கள். மரநிழலில் நின்று அணியைத் தெரிந்தார்கள். நம் ஊர்களில் மாரிக்குப் பின் அணி சேர்ப்பதற்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை. ஜூலை 10ஆந் திகதி சட்டன் மைதானத்தில் முதலாவது சிநேகபூர்வ ஆட்டம். முடிவு 4-0. தோற்றது நம்முடைய ஆட்கள்.

"நம்முடைய ஆட்கள்" என்று எனக்கும் வந்துவிட்டது, மன்னியுங்கள்.

அந்தத் தோல்வியைப் பார்க்க வந்தவர் தொகை 4,657. பத்துப் பன்னிரண்டு நாட்களுக்கு முன்னர் முன்பின் அறியாதவர்களாய்ப் பொதுவெளியில் நின்ற பதினொருவரைப் பார்க்க அத்தனை பேர்! ஏ.எவ்.சி. விம்பிள்டன் என்று பெயர் சூட்டப்பெற்ற அக்கழகம் அயலூரான கிங்ஸ்ரனில் ஒரு மைதானத்தில் ஆடத் தொடங்கியது. அதற்குக் கிடைத்த இடம் ஆங்கில உதைபந்தாட்டத்தின் ஒன்பதாவது படி. அந்தப் படியில் ஆடும் கழகங்களுக்கு நூறு பேர் பார்க்க வந்தாலே திருவிழா. இவர்களுக்கு ஆட்டமொன்றுக்குச் சராசரி 3,000 பேரளவில் வந்தார்கள். அதே பருவத்தில், இரண்டாம் படியில் ஆடிய பழைய கழகத்துக்கு அத்தனை பேர் வரவில்லை.

இவர்கள் ஏன் வந்தார்கள்? நான் நூல்களிலிருந்து எடுத்துச் சொல்வதைக் காட்டிலும், பெரியப்பா வீட்டில் நடந்ததைச் சொல்வது நலம்.

பெரியப்பாவின் பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற பஸ் சாரதியான ஓர் ஆங்கிலேய முதியவர் இருந்தார். சிறுவயதிலே தன் தகப்பனாரின் தோளிலிருந்து கலப்பை ஒழுங்கையில் ஆட்டம் பார்த்தவர். அவர் ஒரு நாள் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, "சனிக்கிழமை கிங்ஸ்ரனுக்குப் போகிறேன். உங்கள் பையனையும் கூட்டிக்கொண்டு வாருங்களேன்" என்று கேட்டார். பெரியப்பா எரிபொருள் நிலையத்தில் இரவு வேலை. சனிக்கிழமை பகல் அவருக்குத் தூக்க நேரம். ஆயினும் லிவர்பூலை வென்ற விம்பிள்டன் என்ற பெயரை யாழ்ப்பாணத்திலேயே வானொலியிற் கேட்டவர் அல்லவா? அந்தப் பெரிய கழகத்தை இனாமாகப் பார்க்கலாம் என்று எண்ணிக்கொண்டு, எட்டு வயதான என் அண்ணாவையும் கூட்டிக்கொண்டு போனார். போய்ப் பார்த்தால், ஆடுபவர்களில் ஒருவர் தபாற்காரர் போலவும் மற்றொருவர் பாடசாலை வாத்தியார் போலவும் இருந்தார்களாம். அதற்கு மேலே, அன்று தோல்வி.

அண்ணாவை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அன்று எதிர்த்தாடிய அணியின் பெயர் அவருக்கு ஞாபகமில்லை. கோல்கள் எத்தனை என்பதும் மறந்துவிட்டது. ஞாபகமிருப்பவை வேறு. ஒன்று, எப்பொழுதும் தூங்கிக்கொண்டிருக்கும் பெரியப்பா, தூங்காமல் தன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது. இரண்டு, உருளைக்கிழங்குப் பொரியலிலிருந்து எழுந்த வினாகிரி மணம். மூன்று, ஆட்டம் முடிந்ததும் முன்பின் தெரியாத ஒரு கிழவி, "பரவாயில்லை மகனே, அடுத்த சனிக்கிழமை பார்ப்போம்" என்று தலையைத் தடவிவிட்டுப் போனது. அந்த "அடுத்த சனிக்கிழமை" என்ற சொல்லிலே அண்ணா அகப்பட்டுக்கொண்டார். இருபது வருடத்துக்கு மேலாகியும் வெளியே வரவில்லை.

எட்டு வயது என்றேன். இதற்கு ஒரு சாட்சியும் உண்டு. சேத் ஸ்ரீவன்ஸ்-டேவிடோவிற்ஸ் என்னும் அமெரிக்கர் 2014இல், பேஸ்போல் கழகங்களுக்கு முகநூலில் விருப்பம் தெரிவித்தவர்களின் வயதுகளைக் கணக்கிட்டார். ஆண்பிள்ளைகளைப் பொறுத்தவரையில், எட்டு வயதளவில் எந்தக் கழகம் வெல்கிறதோ அதன்மேல் விழும் பற்று மற்றெந்த வயதிற் பெறுவதைக் காட்டிலும் ஆழமானது என்று கண்டார். நேர்மையாகச் சொன்னால், இந்தக் கணக்கு என் கட்சிக்குப் பாதி சார்பாகவும் பாதி எதிராகவும் நிற்கிறது. வயது ஒத்துவருகிறது, வெற்றி ஒத்துவரவில்லை. எட்டு வயதில் அண்ணா கண்டது தோல்வி. இதற்கு நான் காணும் சமாதானம், எட்டு வயதுப் பிள்ளை தானாக மைதானத்துக்குப் போவதில்லை என்பதே. யாரோ ஒருவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிறார். பிள்ளைக்கு விளையாட்டின் விதி விளங்குமுன்னரே அந்தக் கை விளங்கிவிடுகிறது. கழகம் வெல்லும் வருடத்திற் கூட்டிக்கொண்டு போகும் தகப்பன்மார் தொகை அதிகம். தோற்கும் வருடத்திலும் கூட்டிக்கொண்டு போகிறவர் சிலர். அவர்களுடைய பிள்ளைகள் அசையமாட்டார்கள்.

தோல்வியைப் பற்றியும் ஓர் ஆய்வு இருக்கிறது. மார்த்தா நியூசன் என்பவரும் அவரோடு சேர்ந்தோரும் இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கழகங்களின் அபிமானிகளை ஆராய்ந்து 2021இல் வெளியிட்டார்கள். பத்து வருடக் கணக்கில் அதிகமாகத் தோற்ற கழகங்களின் அபிமானிகள், வென்று குவித்த கழகங்களின் அபிமானிகளைக் காட்டிலும் ஒருவரோடொருவர் இறுகப் பிணைந்திருந்தார்களாம். இதனை விளங்கிக்கொள்ளப் பல்கலைக்கழகம் வேண்டியதில்லை. கலியாண வீட்டிற் கண்டவர்களை மறந்துவிடுகிறோம். செத்த வீட்டில் இரவிருந்தவர்களை மறப்பதில்லை.

புதிய கழகத்தின் பிற்கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் வருடம் மூன்றாமிடம். மேற்படிக்கு ஏற முடியவில்லை. அடுத்த வருடம் 46 ஆட்டங்களில் 42 வெற்றி, 4 சமநிலை, தோல்வியில்லை. 2003 பெப்ரவரி தொடங்கி 2004 டிசம்பர் வரையில் லீக்கில் தொடர்ந்து 78 ஆட்டங்களில் தோற்காதிருந்தார்கள். ஒன்பது பருவங்களில் ஐந்து படிகள் ஏறி, 2011இல் லூட்டனைத் தண்ட உதைகளில் வென்று தேசிய லீக்குக்கே மீண்டார்கள். இடையில் 2007இல், இடம்பெயர்ந்த கழகத்தார் 1988ஆம் ஆண்டுக் கிண்ணத்தின் பிரதி உட்பட்ட பழைய கௌரவங்களை விம்பிள்டன் அடங்கிய மேற்றன் நகரசபையிடம் கையளித்தார்கள். 2012 டிசம்பரில் அவ்விரு கழகங்களும் முதன்முறை நேருக்கு நேர் மோதின. அன்று நியாயம் வென்றது என்று சொல்ல எனக்கு ஆசைதான். 2-1 என்று மில்டன் கீன்ஸ் வென்றது. பந்துக்கு நியாயம் தெரியாது.

மில்டன் கீன்ஸ்க்காரரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இல்லாவிடில் நான் பக்கச்சார்பாளனாவேன். 2003இல் அந்நகரத்திலும் எட்டு வயதுப் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களையும் தகப்பன்மார் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். அப்பிள்ளைகளுக்கு அது தம் ஊர்க் கழகம். வேறொருவரிடமிருந்து எடுத்து வந்தது என்பதை அவர்கள் பின்னரே அறிந்திருப்பார்கள். அண்ணாவோடு இதைப் பற்றி நான் வாதாடியதுண்டு. இரண்டு நாள் என்னோடு பேசாமலிருந்தார்.

கலப்பை ஒழுங்கைக்கு வருவோம். பழைய மைதானம் இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடி வீடுகள். எடி ரெனோல்ட்ஸின் பெயரை அவ்வீடுகளுக்கு இட்டிருக்கிறார்கள். ஆனால் அதே வீதியில், கூப்பிடு தூரத்தில், நாயோட்டப் பந்தயம் நடந்த நிலத்திற் புதிய மைதானம் எழுந்தது. கட்டி முடிக்கப் பணம் போதாமற் போனபோது, வெளியார் ஒருவருக்குக் கழகத்தின் பங்கை விற்பதா என்ற பேச்சு வந்தது. அபிமானிகள் கடன்பத்திரம் வாங்கி 50 இலட்சம் பவுணுக்கு மேல் சேர்த்துக் கொடுத்தார்கள். இன்றும் கழகம் அவர்களுடைய நம்பிக்கைச் சபையின் ஆளுகையில்தான். பெரியப்பாவும் சிறு தொகை கொடுத்தார். பெரியம்மாவுக்கு அது சமீபத்தில்தான் தெரியவந்தது. அதனால் இவ்விஷயத்தை இதற்கு மேல் விரிக்கவில்லை.

2020 நவம்பர் 3ஆந் திகதி, இருபத்தொன்பது வருடத்தின் பின், கழகம் தன் ஒழுங்கையில் மீண்டும் ஆடியது. டொன்காஸ்ரருடன் 2-2 சமநிலை. ஆனால் அது கொரோனாக் காலம். மைதானத்தினுள் ஓர் அபிமானிக்குக்கூட இடமில்லை. இருபத்தொன்பது வருடம் காத்திருந்தவர்கள் வீட்டில் கதிரையில் இருந்து பார்த்தார்கள். பக்கத்து வீட்டு முதியவர் அதற்கு முந்திய வருடம் காலமாகிவிட்டார். அன்றிரவு பெரியப்பா இங்கே என் தகப்பனாரை அழைத்து, அரை மணி நேரம் ஒன்றும் பேசாமல் ஆட்டத்தின் சத்தத்தை மாத்திரம் கேட்கச் செய்தார். தகப்பனாரும் ஒன்றும் பேசாமற் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அது விசித்திரமாக இருந்தது.

ஏன் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதற்கு, முன்னர் நான் விட்டுவந்த கதையைச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் வலிகாமம் வடக்கில், கடற்கரையோரம். 1990இல் யுத்தத்தினால் ஊர் முழுவதும் எழுந்து போயிற்று. வீடும் நிலமும் உயிர்களும் இழந்த துயரத்தை ஒரு மைதானத்தின் இழப்போடு ஒப்பிடுவது முறையாகாது, நான் ஒப்பிடவுமில்லை. என் தகப்பனாருக்கு அப்பொழுது பதினெட்டு வயது. ஊரணியில் இடதுபக்க முன்னணி ஆட்டக்காரர். இடம்பெயர்ந்து ஆறு மாதம் கழிய, முகாமுக்கு அருகேயிருந்த பாடசாலை மைதானத்தில் ஊர்ப் பொடியன்கள் கூடினார்கள். அணி சேர்த்தார்கள். போட்டிக்குப் பெயர் கொடுக்கப் போனபோது, இப்பொழுது இருக்கும் இடத்தின் பெயரைக் கொடுங்கள் என்று அமைப்பாளர்கள் கேட்டார்களாம். இவர்கள் ஊரின் பெயரைத்தான் எழுதினார்கள். போக முடியாத ஊரின் பெயர். அடுத்த சில வருடங்களில் அந்த அணி வென்ற ஆட்டங்களை ஒரு கையில் எண்ணிவிடலாம் என்று தகப்பனார் சொல்வார். ஆனால் பார்க்க வந்தவர்கள் குறையவில்லை. முகாமில் ஊரவர்கள் எல்லாரும் ஒன்றாகக் கூடும் இடம் அந்தக் கோட்டின் ஓரம் ஒன்றுதான்.

எங்கள் பகுதி விடுவிக்கப்பட்டது 2017இல். எனக்குப் பதினான்கு வயது. தகப்பனாரும் அவருடைய பழைய கூட்டாளிகளும் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் மன்செஸ்ரரின் சிவப்புச் சட்டையோடு போனேன். வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும். அதைப் பார்த்துவிட்டு மைதானத்துக்குப் போனோம். மைதானம் என்று அவர்கள் சொன்னார்கள். எனக்குத் தெரிந்தது பற்றையும் நாயுருவியும்தான். கோல் கம்பங்கள் இல்லை. தகப்பனாரின் கூட்டாளி ஒருவர், சரீரம் பெருத்தவர், ஒரு பூவரச மரத்தின் அடியிலிருந்து காலடி எண்ணிக்கொண்டு நடந்து போய் ஓரிடத்தில் நின்றார். இன்னொருவர் அவருக்கு எட்டடி தள்ளிப் போய் நின்றார். இருவரும் கம்பங்களாம். தகப்பனார் இடதுபக்கக் கோட்டோரமாக, பற்றைக்குள்ளே, மெதுவாக ஓடிவந்தார். பந்தில்லை.

அயலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த வயோதிபர் ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சட்டையின் நெஞ்சிலிருந்த இலச்சினையைப் பார்த்தார். "தம்பி எந்த ஊர்?" என்று கேட்டார். நான் யாழ்ப்பாணத்தில் வாடகை வீடிருந்த வீதியின் பெயரைச் சொன்னேன். அவர் திரும்பி ஓடுகிற என் தகப்பனாரைக் காட்டி, "அவற்றை மகனெல்லே? அப்ப நீ இந்த ஊர்" என்றார்.

அதற்குப் பின்னரும் நான் நீலச் சட்டை வாங்கினேன் என்பதை மறைக்கவில்லை. ஒரே நாளில் மனந்திரும்பியதாகச் சொன்னால் மிஷன் பாடசாலைப் பிரசங்கம் போலாகிவிடும். ஆனால் பற்றை வெட்டிய நாட்களுக்குப் போனேன். கம்பம் நட்ட நாளுக்குப் போனேன். பெரியப்பா விடுமுறைக்கு வந்தபோது, நம் நாட்டு வெயிலில் விம்பிள்டனின் நீலமும் மஞ்சளுமான கம்பளிச் சால்வையைக் கழுத்திற் சுற்றிக்கொண்டு அதே கோட்டோரத்தில் வந்து நின்றார். ஊர்ப் பிள்ளைகள் அவரைச் சுற்றி நின்று சிரித்தார்கள். 2025 மே மாதத்தில் அவருடைய கழகம் வெம்பிளியில் வால்சோலை 1-0 என வென்று ஒரு படி ஏறியது. அன்று அண்ணா தன் மகளைத் தோளில் வைத்திருக்கும் படத்தை அனுப்பியிருந்தார். அவளுக்கு வயது ஏழு.

தலைவர் அவர்கள் மணியைப் பார்க்கிறார். எங்கள் ஊரணி இவ்வருடம் இரண்டு சுற்றுப் போட்டிகளில் ஆடியது. இரண்டிலும் முதலாவது ஆட்டத்திலேயே தோல்வி. முதலாவது 3-0. இரண்டாவது 2-1, அந்த ஒரு கோல் தலையால் அடித்தது. இரண்டுக்கும் நான் போயிருந்தேன். அடுத்தது தை மாதத்தில், பாடசாலை மைதானத்தில், பின்னேரம் நான்கு மணிக்கு.